பக்கத்துக் காலி மனை யாருடையது? புறநகரில் பொதுப் பதிவுகளைத் தேடும் முறை

எங்கள் தெருவில் ஒரு காலி மனை பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் சீமைக்கருவேலம் மண்டும். அவ்வப்போது ஒரு சாரைப்பாம்பு அங்கிருந்து புறப்பட்டு யாராவது ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். உரிமையாளர் யார் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும்: துபாயில் இருக்கிறார், இறந்துபோய்விட்டார், பிள்ளைகளுக்குள் வழக்கு, ஏதோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழ்பவர்களுக்கு இது பழகிய நிலைமைதான். அண்டை வீட்டாரை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் வாழும் புறநகரில், ஒருவரைப் பற்றி அரசுப் பதிவேடுகள் எதை, யாருக்கு, எந்த வழியில் சொல்கின்றன என்பதை இந்த மனையை வைத்தே விளக்க முயல்கிறேன்.

பொதுப் பதிவு என்றால் என்ன என்பதில்தான் முதல் குழப்பம். அரசு அலுவலகத்தில் இருக்கும் எல்லாத் தாளும் எல்லாரும் பார்க்கத்தக்கதல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும், அரசு அலுவலர்கள் தம் கடமையின்போது உண்டாக்கும் ஆவணங்களையும், தனியார் தமக்குள் எழுதிக்கொண்டு அரசுப் பதிவேட்டில் ஏற்றிய ஆவணங்களையும் பொது ஆவணங்கள் என்கின்றன. ஆனால் அவற்றின் சான்றிட்ட நகலை, அந்த ஆவணத்தைப் பார்வையிடும் உரிமை உள்ளவருக்குத்தான் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. அந்த உரிமை யாருக்கு உண்டு என்பதை ஒவ்வொரு பதிவேட்டுக்கும் உரிய தனிச் சட்டம் தீர்மானிக்கிறது. ஆகவே ‘பொது ஆவணம்’ என்பதை ‘யாரும் எடுத்துப் படிக்கலாம்’ என்று புரிந்துகொள்வது தவறு.

இரண்டாவது குழப்பம் இதைவிடப் பெரியது. ஒருவரின் பெயரைத் தட்டினால் அவரைப் பற்றிய எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும் என்று புதிதாகத் தேடுபவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு பேரேடு இங்கே பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்படவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நிலம் தெரியும்; பிறப்பு, இறப்புப் பதிவாளருக்கு நிகழ்ச்சி நடந்த இடமும் நாளும் தெரியும்; தேர்தல் பிரிவுக்குத் தொகுதியும் பாகமும் தெரியும்; நீதிமன்றத்துக்கு வழக்கு எண் தெரியும். மனிதர் இவை ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பெயராக வந்து போகிறார், அவ்வளவுதான். ‘இன்னார் யார்?’ என்ற கேள்வியை ‘எந்த இடத்தில், எந்த ஆண்டில், என்ன நடந்தது?’ என்று மாற்றிக் கேட்கத் தெரிந்தவருக்கே பதிவேடுகள் வாய் திறக்கின்றன.

நிலத்திலிருந்து தொடங்குவோம்; புறநகரில் ஆளைவிட நிலத்துக்குத்தான் தாள் அதிகம். தெருப் பெயரும் கதவு எண்ணும் இங்கே பயன்படமாட்டா. மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பேச்சுவழக்கில் சர்வே நம்பர் எனப்படும் புல எண், அதன் உட்பிரிவு ஆகியவை வேண்டும். நாம் கேம்ப் ரோடு என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறங்கும் இடம் நிலப் பதிவேட்டில் சேலையூர். பக்கத்து மனையின் புல எண் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. உங்கள் சொந்தக் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொத்து விவரத்தைப் பாருங்கள். பழைய பத்திரங்களில் ‘செக்குபந்தி’ என்ற தலைப்பில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும்: வடக்கில் 20 அடிச் சாலை, தெற்கில் இன்னாருடைய நிலம், கிழக்கில் மனை எண் 14. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே பாம்பு குடியிருக்கும் இடம் அந்த 14-ஆம் எண் மனைதான். ஒரு மனைப்பிரிவு பெரும்பாலும் ஒரே புல எண்ணிலோ, அடுத்தடுத்த ஓரிரண்டு எண்களிலோ அடங்கிவிடும் என்பதால் உங்கள் எண்ணே பக்கத்து மனைக்கும் வழிகாட்டும்.

புல எண் கையில் வந்ததும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா விவரத்தைப் பார்க்கலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஒன்றைத் தவிர வேறு எதையும் அது கேட்பதில்லை. பட்டா எண், உரிமையாளர் பெயர், அவர் இன்னாருடைய மகன் அல்லது மனைவி என்ற குறிப்பு, உட்பிரிவு, பரப்பு, தீர்வை ஆகியவை ஒரு பக்கத்தில் வந்துவிடும். நகர நில அளவை முடிந்த பகுதியாக இருந்தால் கிராமப் புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று கேட்கும். அ-பதிவேட்டைத் திறந்தால் அந்த இடம் ரயத்துவாரி எனப்படும் தனியார் பட்டா நிலமா, குடியிருப்புக்கான நத்தமா, அரசின் புறம்போக்கா என்பது தெரியும். ஏரிகள் சூழ்ந்த தாம்பரம் வட்டாரத்தில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. இருந்தாலும் பட்டாவில் உள்ள பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. வயலை மனைகளாகப் பிரித்து விற்ற காலத்தில் வாங்கியவர்களில் பலர் பத்திரத்தைப் பதிந்ததோடு நின்றுவிட்டார்கள். பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்யவில்லை. அதனால் நிலத்தை என்றோ விற்றுவிட்ட விவசாயியின் பெயர், அவர் பேரன் தலையெடுத்த பின்னும், பட்டாவில் நின்றுகொண்டிருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்புவது வில்லங்கச் சான்று. எல்லாரும் ஈசி என்றே சொல்கிறார்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு, காலவரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால் அந்த எண்ணின் மீது பதிவான பத்திரங்கள் வரிசையாக வரும். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். பல அலுவலகங்களில் 1975-க்குப் பிந்தைய பதிவுகள் கணினியில் ஏறியிருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பழைய பேரேடுகளைப் புரட்டச் சொல்ல வேண்டும்.

ஈசியைப் படிப்பது ஒரு தனிப் பழக்கம். ஒவ்வொரு வரியிலும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிய நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள் ஆகியவையும், ஆவணத்தின் தன்மையும், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களும், மதிப்பும், முந்தைய ஆவண எண்ணும், கீழே சொத்து விவரமும் இருக்கும். நம் 14-ஆம் எண் மனைக்கு இப்படி நான்கு வரிகள் வந்ததாக வைத்துக்கொள்வோம்: 1987-இல் ஒரு கிரயம், 1989-இல் இன்னொரு கிரயம், 2003-இல் ஒரு வங்கிக்கு அடமானம், 2016-இல் மகளுக்குத் தான செட்டில்மெண்ட். முதல் வரி, நிலத்துக்காரர் தம் நிலத்தை மனை போட்டு விற்பவருக்கு விற்றதைச் சொல்கிறது. இரண்டாவது வரியில் மனையை வாங்கியவர் வருகிறார். மூன்றாவதற்கு எதிராக ரசீதுப் பதிவு எதுவும் இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கக்கூடும். நான்காவது வரிதான் தெருவின் ஊகங்களுக்கு விடை சொல்கிறது. செட்டில்மெண்ட் என்பது உயிரோடிருப்பவர் தம் சொத்தைப் பிரியத்தின் பேரில் எழுதிக் கொடுப்பது. ஆகவே 2016-இல் உரிமையாளர் இருந்திருக்கிறார், சொத்து இப்போது மகளுடையது. அதே இடத்தில் அண்ணன் தம்பிகள் தம் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ இருந்திருந்தால், பெற்றவர் காலமாகிப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வறண்ட நான்கு வரிகளில் ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டுக் கதை கிடக்கிறது.

‘வில்லங்கம் எதுவும் இல்லை’ என்று வரும் சான்றைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. 145/2 என்ற எண் பின்னாளில் 145/2பி ஆகப் பிரிந்திருந்தால் புதிய எண்ணில் மட்டும் தேடியவருக்குப் பழைய பதிவுகள் தென்படாமல் போகலாம். இரண்டிலும் தேட வேண்டும். பதிவு செய்யப்படாத உயிலும், வாய்மொழி ஒப்பந்தமும், மரணத்தால் தானாகவே வாரிசுகளுக்கு இறங்கிய உரிமையும் ஈசியில் வருவதேயில்லை. இவற்றோடு நிர்வாக எல்லைகளின் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. தாம்பரத்து மனை ஒன்றின் பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும். 1997 பிரிவினைக்குப் பின் எழுதியதில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருக்கும். 2019-க்குப் பின் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம். பம்மல், அனகாபுத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று தனித்தனி நகராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்தவை 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. நிலம் இடம் பெயரவில்லை. அதன் முகவரிதான் பெயர்ந்துகொண்டே இருக்கிறது.

அயலார் பத்திரத்தை நாம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57-ஆம் பிரிவில் தெளிவாகவே பதில் சொல்கிறது. அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோதான் நகல் கிடைக்கும், அவர் இறந்த பிறகே மற்றவர் கேட்கலாம். பலவகை ஆவணங்களுக்கான நான்காம் புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே. நிலத்தை வாங்க வருபவன் ஏமாறாமலிருக்க முதல் புத்தகம் திறந்திருக்கிறது. உயிலின் இரகசியம் எழுதியவரின் மூச்சுள்ளவரை காக்கப்படுகிறது. எது ஏன் திறந்திருக்கிறது, எது ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனிப் பெயர். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம்மிடையே பெயரை வைத்து ஆளைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். ரா. செல்வி என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். தந்தை ராமசாமியின் முதலெழுத்தோடு பள்ளிச் சான்றிதழில் ரா. செல்வி, கணவர் முருகேசனை மணந்த பின் குடும்ப அட்டையில் மு. செல்வி, வங்கியில் முதலெழுத்து பின்னால் போய் ‘செல்வி எம்’, பாஸ்போர்ட்டில் செல்வி முருகேசன். ஆங்கில எழுத்தில் பெயரை ஏற்றும் பதிவேடுகளில் முருகேசனின் நடு எழுத்து ஓரிடத்தில் ‘ஜி’யாகவும் ஓரிடத்தில் ‘கே’யாகவும் இருக்கும். ஒரே தெருவில் மூன்று செல்விகள் இருக்க, பெயரும் முதலெழுத்தும் பொருந்துகின்றன என்பதற்காக இவர்தான் அவர் என்று முடிவுகட்டுவது ஆபத்து. தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி இவற்றுள் குறைந்தது இரண்டேனும் பொருந்தினால்தான் நான் நம்புவேன்.

உறவுமுறையையும் வயதையும் ஒருசேரத் தரும் பொதுப் பதிவு வாக்காளர் பட்டியல். வரைவுப் பட்டியலைப் பொதுமக்கள் பார்த்து உரிமை கோரவும் ஆட்சேபம் சொல்லவும் வேண்டும் என்பதற்காகவே அது வெளியிடப்படுகிறது. தொகுதி, பாகம் என்ற வரிசையில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவை அதில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் கோப்பு படவடிவில் இருப்பதால் சொல்லைத் தட்டித் தேட முடியாது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் தேட வேண்டும். இது திட்டமிட்ட தடை. தேடக்கூடிய வடிவில் பட்டியலைத் தரச் சொல்லித் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்கவில்லை. வாக்காளரின் அந்தரங்கம் என்பதே தேர்தல் ஆணையம் சொன்ன காரணங்களில் முதன்மையானது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது 2002, 2005 ஆண்டுகளின் பட்டியல்களில் தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேடியவர்களுக்கு இந்தச் சிரமம் நன்றாகத் தெரியும். பல்லாவரத்துக்காரர்களுக்கு அது இரட்டிப்பு: 2008-ஆம் ஆண்டு மறுவரையறைக்கு முன் பல்லாவரம் என்றொரு சட்டமன்றத் தொகுதியே கிடையாது, பழைய பட்டியலில் அவர்கள் வேறு தொகுதியின் பெயரில் இருப்பார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் புதியவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு நடப்பது நிகழ்ச்சி நேர்ந்த இடத்தில், குடியிருக்கும் இடத்தில் அல்ல. தாம்பரத்துத் தம்பதியின் குழந்தை எழும்பூர் மருத்துவமனையில் பிறந்தால் அந்தப் பதிவு சென்னை மாநகராட்சியிடம் இருக்கும். தாம்பரத்தில் எத்தனை நாள் அலைந்தாலும் கிடைக்காது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடச் சொல்லி அதன் நகலைக் கோரலாம் என்கிறது. ஆனால் இறப்பின் நகலில் மரணத்தின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று அங்கேயே ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. இறந்தார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியது, எதனால் என்பது அவர் வீட்டுச் செய்தி. திருமணப் பதிவுகளில், இந்துத் திருமணச் சட்டத்தின்படியான பதிவேடு பார்வைக்குத் திறந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், மணக்க விரும்புவோரின் அறிவிப்பையே அலுவலகப் பலகையில் ஒட்டி 30 நாள் காத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் மணக்கத் துணியும் இளையவர்களுக்கு அந்த 30 நாள் என்ன பாடுபடுத்தும் என்பதை எண்ணினால், எல்லாம் திறந்திருப்பது எப்போதும் நன்மையல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துக் கட்சிக்காரர் பெயரால் வழக்குகளைத் தேட முடியும். பெயரில் தொடங்க இடம்தரும் சில பதிவுகளுள் இதுவும் ஒன்று, ஆனால் மேலே சொன்ன செல்வி, முருகேசன் சிக்கல் இங்கேதான் மிகவும் கடிக்கும். முதல் தகவல் அறிக்கைகளை, பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. கடை நடத்துபவரை அறிய வேண்டுமானால் ரசீதில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணே போதும், 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு, அதை அத்துறையின் தளத்தில் இட்டால் சட்டப்படியான பெயர் வந்துவிடும். வீட்டு வரியில் இருக்கும் பெயர், வரி கட்டுகிறவர் பெயர் மட்டுமே; அது உரிமைக்குச் சான்றாகாது.

கதவு எதுவும் திறக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சொல்வார்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு 30 நாளில் பதில் எதிர்பார்க்கலாம்தான். ஆனால் அச்சட்டம் அரசின் செயலைக் கேட்பதற்கு ஏற்பட்டது; அயலாரின் வாழ்க்கையைக் கேட்பதற்கு அல்ல. தனிப்பட்ட தகவலை மறுக்க இடம்தரும், ‘எட்டு, ஒன்று, ஜே’ என்றே அலுவலகங்களில் வழங்கும் பிரிவு, இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே திருத்தப்பட்டு, 2025 நவம்பர் முதல் முன்பைவிட இறுக்கமாகிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது, ஆயினும் அதை நிறுவும் சுமை மனுதாரருடையது. எனவே ‘இன்னாருக்கு எத்தனை வீடு உள்ளது?’ என்று கேட்பதைவிட ‘இந்தப் புல எண்ணில் உள்ள மனையைத் தூய்மைப்படுத்த மாநகராட்சி எந்தெந்த நாளில் அறிவிப்பு அனுப்பியது, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தது?’ என்று கேட்பவருக்கே பதில் வரும்.

ஆதார், வருமான வரி, மருத்துவ விவரம், தொலைபேசி அழைப்புகள் ஆகியவை எந்த வழியிலும் பொதுப் பதிவுகள் அல்ல. இவற்றை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகர் திருட்டுப் பொருளைத்தான் விற்கிறார். முறையாகக் கிடைத்த விவரத்தையே கொண்டு ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக அவரைப் பின்தொடர்வதும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றமாகும்.

எங்கள் தெருக் காலி மனைக்கு வருகிறேன். பட்டாவில் பழைய நிலத்துக்காரர் பெயர் இருந்தது. ஈசியில் வந்த கடைசி ஆவணத்தின் எண்ணைக் குறித்து, நகலுக்கு மனுப் போட்டு வாங்கியதில், உரிமையாளர் பெயரும் பதிவு நாளன்று அவர் குடியிருந்த முகவரியும் இருந்தன. அந்த முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால் ‘விலாசதாரர் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்கு மேல் அவரைத் துரத்துவது எங்கள் வேலையல்ல என்று தெருவில் பேசி முடிவெடுத்து, ஈசி நகலையும் திரும்பி வந்த உறையையும் இணைத்து மாநகராட்சிக்கு மனுக் கொடுத்தோம். மனுவின் பொருள் வரியில் உரிமையாளரின் பெயரை எழுதவில்லை. கிராமம், புல எண், மனை எண் மட்டும் எழுதினோம். ஒப்புகைச் சீட்டைத் தந்த அலுவலர், “இப்படிச் சர்வே நம்பரோடு வந்தால்தான் சார் எங்களுக்கும் தேட வசதி” என்றார்.